பெட்டி மாறின கதை

வாத்தியாருக்கு எதைக் கண்டாலும் அது என்ன வகை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வகுப்பில் ஒரு பத்தியைப் படித்துக்காட்டி, புத்தகத்தை மார்போடு மூடிக்கொண்டு, "இது என்ன வகை?" என்று கேட்பார். பிள்ளைகள் "அங்கதம்!", "நீதிக்கதை!", "துன்பியல்!" என்று கத்த வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வகை வாத்தியார் என்றே பெயர். பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? மனிதர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மனைவி டீயில் சர்க்கரை போட மறந்தால் "எதிர்பாராத திருப்பம்" என்பார். முதுகு வலிக்கிறது என்றால் "மிகைநவிற்சி". அடுப்படியில் தனியாக நின்று புலம்பினால் "தனிமொழி". புலம்பி அலுத்து வாயை மூடிக்கொண்டால், "உங்கம்மா இப்ப குறிப்புப் பொருள்" என்று மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். ஒரு மனுஷி இருமினால்கூட அதற்கு ஒரு பெயர் வைத்து மூலையில் வைத்துவிடுகிற ஆளோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது? அவள் நடத்தினாள். அதுவும் அவர் புத்தகங்களுக்கெல்லாம் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக் கொடுத்துக்கொண்டே நடத்தினாள்.

அதுதான் அவள் தொழில். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, கம்ப்யூட்டர், தாளைக் கடித்துக் கடித்துத் துப்புகிற ஒரு பழைய பிரின்டர். கல்யாணத்துக்கு முன்பே அச்சகத்தில் வேலை பார்த்தவள். ஊர்ப்பட்ட ஆய்வேடுகள், ஆண்டறிக்கைகள், வாத்தியாரின் வழிகாட்டி நூல்கள் எல்லாம் அவள் கையால்தான் தட்டச்சாகிப் பக்கமாகும். பிழை பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி மேலே போவாள். வரியையும் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பாள். நேராகப் படித்தால் புத்தி கதையின் பின்னால் ஓடிவிடும், கண் பிழையை விட்டுவிடும். பின்னாலிருந்து வந்தால் கதை இருக்காது, எழுத்து மட்டும் நிற்கும். அச்சகத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். தட்டச்சும் அதே கதைதான்: கண்ணிலிருந்து நேராக விரலுக்கு. நடுவில் மனசுக்கு வேலையே இல்லை.

அந்தக் கைத்திறன்தான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு சாயங்காலம், பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அம்மாவின் கீபோர்டு மேலேயே போட்டாள். வாத்தியாரின் புதுப் புத்தகம். இலக்கியச் சொற்களுக்கும் வகைகளுக்கும் எளிய விளக்கம். பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, அதன் கீழே தடித்த எழுத்தில் "இது என்ன வகை?", பக்கத்தின் அடியில் விடை தலைகீழாக. அந்த வருஷம்தான் வெளிவந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விற்றுத் தீர்ந்திருந்தது.

"என்னை இனிமே அந்த ஸ்கூலுக்குப் போகச் சொல்லாத" என்றாள் மகள். முகம் சிவந்திருந்தது. "பெட்டியம்மா பொண்ணு, பெட்டியம்மா பொண்ணுன்னு பெஞ்சுக்குப் பெஞ்சு சிரிக்கறாளுங்க. போன வாரம் அப்பா எங்க ஸ்கூல்ல வந்து பேசினாருல்ல, அப்ப 'இது எங்க வீட்டுல நடந்தது'ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எதை?"

"எதையா? நீதானேம்மா டைப் பண்ணின! நீதானே பிழை பாத்த! படிக்கவே இல்லையா நீ?"

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். தான் கட்டிய பக்கத்தை முதன்முதலாக மேலிருந்து கீழே, நேராகப் படித்தாள்.

ஒரு பெண் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் வேறு. பேருந்து நிலையத்தில் பெட்டியைத் திறந்தால், உள்ளே அவள் துணியைக் காணோம். கணவன் திருத்த வேண்டிய அரையாண்டு விடைத்தாள்கள்! அவசரத்தில் பெட்டி மாறிவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறாள். வாசலில் நின்ற கணவன் கேட்கிறான்: "என்ன, அதற்குள் திருத்திவிட்டாயா?"

இது என்ன வகை? விடை தலைகீழாக: நகைச்சுவை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தியார் மேல் இருந்த கோபம் பாதி என்றால், தன் மேல் பாதி. நன்றாக நினைவிருந்தது: 'விடைத்தாள்கள்' என்ற சொல் வரியின் ஓரத்தில் இடித்தது. உடைத்தால் அசிங்கமாக இருக்குமே என்று சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்து, அழகாக உள்ளே இழுத்து உட்கார வைத்திருந்தாள். தன் மானத்தைத் தானே மடித்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள்! அந்த விரல்களை உடைத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

கதை அவளுக்குப் புதிதல்ல. வீட்டில் நாலு பேர் கூடினால் வாத்தியார் எடுத்துவிடுகிற சரக்கு அது. முதல் தடவை அவர் சொன்னபோது அவள் கையில் டீத் தட்டோடு நின்றிருந்தாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அக்கா, அதாவது அவள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுடா" என்றாள். விருந்தாளிகள் முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று அவளும் லேசாகப் பல்லைக் காட்டினாள். அந்தச் சிரிப்பையே அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

"ஏம்மா" என்றாள் மகள், கொஞ்சம் குரலைத் தணித்து. "அன்னிக்கு எதுக்குச் சண்டை? எதுக்குக் கிளம்பின?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருத்தர்கூட இதுவரை இதைக் கேட்டதில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கப்பா சாகக் கிடந்தாரு. உன் மாமா போன் பண்ணி, அக்காவை உடனே அனுப்புங்கன்னு உங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கான். இவரு எங்கிட்டச் சொல்லல."

"ஏன்?"

"அப்ப அவரோட ஒரு புக்கு பிரஸ்ஸுக்குப் போகணுமே. நான் போயிட்டா பக்கம் யாரு கட்டறது? ஒரு வாரம் கழிச்சு மாமா மறுபடி போன் பண்ணினான். அன்னிக்குத்தான் நான் எடுத்தேன். 'ஏன்க்கா இன்னும் வரல, அப்பா உன்னைத்தான் பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு கேட்டுட்டே இருக்காரு'ன்னான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கையில கெடச்ச பெட்டியைத் தூக்கிட்டு ஓடினேன். ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி, கல்யாணத்துக்கு ஜோடியா வாங்கினது. பர்ஸ் என் பெட்டியோட மூடியில இருந்துச்சு. டிக்கெட் எடுக்கத் திறந்தா, உள்ள பேப்பரு."

"அப்புறம்?"

"ஓடி வந்தேன். பெட்டியை மாத்திக்கிட்டுத் திரும்ப ஓடினேன். அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ். போயிடுச்சு. சாயங்காலம் அப்பா போயிட்டாருன்னு போன் வந்துச்சு."

மகள் மெல்ல, "அப்புறம் ஏம்மா இவருகிட்டத் திரும்பி வந்த?" என்றாள்.

"நீ வயித்துல இருந்த."

வாத்தியார் வந்ததும் வராததுமாக அவள் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க" என்றாள். இரண்டாம் பதிப்பு அந்த மாதமே அச்சுக்குப் போவதாக இருந்தது. எடுக்க வேண்டும் என்றால் இப்போதுதான்.

வாத்தியார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எந்தப் பக்கத்தை? ஓ, அதுவா! பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பக்கமே அதுதான்."

"அது நான்."

"யாரு சொன்னா? பேரு போட்டிருக்கேனா? அது ஒரு பாத்திரம். பாத்திரம் வேற, மனுஷி வேற. கதைசொல்லி வேற, ஆசிரியர் வேற. மூணாம் அத்தியாயம். நீயே டைப் பண்ணினதுதானே."

"எங்கப்பா செத்த நாளுங்க அது!"

"அது கதைக்குள்ள வரலையே" என்றார் வாத்தியார். வகுப்பில் மந்தமான பிள்ளைக்கு விளக்குகிற அதே பொறுமை. "நகைச்சுவைக்குச் சிக்கனம் வேணும். தேவையில்லாததை வெட்டணும். சரியான இடத்துல நிறுத்தணும். நான் நிறுத்தின இடத்தைப் பாரு, கச்சிதமா இருக்கும்."

கேட்டீர்களா இந்த அநியாயத்தை! சாகக் கிடந்த மனிதரைத் தேவையில்லாதது என்று வெட்டிப் போட்டுவிட்டு, வெட்டின இடம் கச்சிதமாக இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்கிறார்.

"தேவையில்லாததா?" அவள் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "அன்னிக்கு நான் மூச்சு வாங்க வந்து நிக்கறேன். நீங்க என்னைப் பாத்தீங்களா? என் கையிலேருந்து பெட்டியைப் பிடுங்கி, பேப்பரு குறையாம இருக்கான்னு எண்ணினீங்க. நான் போய்ப் பஸ்ஸை விட்டுட்டு வந்து விழுந்தப்பவும் எண்ணிட்டிருந்தீங்க. அதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க உங்க புக்குல?"

"பாத்தியா, மிகைநவிற்சி" என்றார் வாத்தியார்.

அடுப்படி வாசலில் நின்ற மகள், "அப்பா, போதும்" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோள்பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். "ரெண்டாம் பதிப்புக்கு முன்னுரை. இதைச் சேத்துடு. மத்ததுல எதுவும் மாத்த வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா. மேடையில நம்ம பொண்ணு அந்தப் பெட்டிக் கதையைப் படிக்கணும்னு பதிப்பாளர் ஆசைப்படறாரு. குடும்பமே கலந்துக்கிட்ட மாதிரி இருக்கும்ல?"

"பக்கம் கட்டிட்டு உங்ககிட்டக் காட்டவா?"

"எதுக்கு? என்னிக்குக் காட்டியிருக்க? நீ பாத்துட்டா போதும்."

உண்மைதான். ஒரு புத்தகத்துக்குக்கூட அவர் பிழை பார்த்தது கிடையாது. எழுதின கையோடு மறந்துவிடுவார். அச்சாகி வந்த பிறகு அட்டையைத் தடவிப் பார்ப்பார், முதல் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார், அதோடு சரி.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முன்னுரையைச் சேர்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். யாருடைய கையெழுத்தையும் பார்க்காமல் அவள் தட்டச்சு செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கோபத்தில் விரல் தப்பிப் போயிற்று. அழித்து அழித்து அடித்தாள். முடித்த பிறகு கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தாள். மேலிருந்து கீழே இன்னொரு தடவை படித்தாள். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் உடுத்திக்கொள்ளவே மறுத்துவிட்டாள். "நான் படிக்க மாட்டேன். உனக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கா? தாத்தா செத்ததைச் சொல்லி நானே மேடையில சிரிக்க வைக்கணுமா?"

"போய்ப் படி" என்றாள் அவள், மகளின் முடியை இழுத்துப் பின்னிக்கொண்டே. "கடைசி வரைக்கும் படி. யாரு சிரிச்சாலும் நிறுத்தாத."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவும் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்ற வெறுப்பு அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் பின்னலின் நுனியை இறுக்கி முடிந்தாள்.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் விழா. பிளாஸ்டிக் நாற்காலிகள், விட்டு விட்டுக் கத்துகிற மைக், மேஜை மேல் அன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டு. முன்வரிசையில் நாத்தனார் கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். பின்னால் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவள் யார் கண்ணிலும் படாமல் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

பதிப்பாளர் பேசினார். வாத்தியார் பேசினார். "இலக்கியம் வேற, வாழ்க்கை வேறன்னு நினைக்காதீங்க பிள்ளைகளா, எல்லாம் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு" என்று அவர் சொன்னபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. பிறகு கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, பக்கத்தைப் பிரித்து மகள் கையில் கொடுத்தார். "படிம்மா. எல்லாரும் கேளுங்க. கேட்டுட்டு, வழக்கம் போல, என்ன வகைன்னு சொல்லணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு கடகடவென்று படித்தாள். பெட்டியோடு பெண் கிளம்பினாள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சிரிப்பு முட்டியது. பெட்டி திறந்தது, விடைத்தாள் வந்தது, கூடம் கலகலத்தது. "என்ன, அதற்குள் திருத்திவிட்டாயா?" என்று படித்ததும் நாத்தனார் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். வாத்தியார் சிரிப்பு அடங்கட்டும் என்று கையைத் தூக்கி, "இது என்ன வ..." என்று ஆரம்பித்தார்.

மகள் நிறுத்தவில்லை. பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு கணம் தலையை நிமிர்த்திக் கடைசிச் சுவரைத் தேடினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"அவள் பதில் சொல்லவில்லை. அவளுடைய அப்பா சாகக் கிடந்தார். அவளை உடனே அனுப்பச் சொல்லி அவள் தம்பி கணவனிடம் முந்தின வாரமே தொலைபேசியில் சொல்லியிருந்தான். கணவன் அதை அவளிடம் சொல்லவில்லை. அவனுடைய புத்தகம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. அவன் மனைவிதான் பக்கம் கட்ட வேண்டும். அவள் பெட்டியை மாற்றிக்கொண்டு ஓடினாள். பேருந்து போய்விட்டது. அன்று சாயங்காலம், மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே அப்பா இறந்தார். கணவன் விடைத்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றும் குறையவில்லை. அதன் பிறகு அவன் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வாசலோடு நிறுத்திக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள்."

மகள் மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"இது என்ன வகை?"

ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. நாத்தனாரின் கைக்குட்டை மடியில் விழுந்து கிடந்தது. பதிப்பாளர் மேஜை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். பக்கத்தைப் பார்த்தார். விடை என்ன போட்டிருக்கிறது என்று புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை; விடைக்கான இடம் வெள்ளையாக இருந்தது. மறுபடி நேராகத் திருப்பினார். அத்தனை கண்ணும் அவர் மேலேயே இருந்தது. எதற்கெடுத்தாலும் ஒரு பெயர் கையில் வைத்திருக்கிற மனிதருக்கு அன்று ஒரு பெயரும் வரவில்லை.

கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. டீத் தட்டோடு நின்ற அன்றைக்கு அவளே சிரித்ததுதான்.

"மன்னிக்கணும்" என்றார். "ஏதோ அச்சுப்பிழை."

"பிழை இல்லைங்க" என்றாள் அவள், கடைசிச் சுவரோரத்திலிருந்து. மைக் இல்லாமலே அது மேடை வரைக்கும் போயிற்று. "நான் பாத்துட்டேன்."